பொழுது சொல்லும் மணம்

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலத்தில் குடியேறும் தமிழ்க் குடும்பத்தார், வாடகை வீட்டில் சாமான்களை இறக்கிய முதல் வாரத்திலேயே அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிந்துகொள்ளும் செய்திகள் சில உண்டு. இட்லிக்கு ஏற்ற அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பது ஒன்று. பிள்ளைகளைச் சேர்க்கத் தக்க பள்ளி எது என்பது மற்றொன்று. தொடுத்த பூ எங்கே விற்கும் என்பது வேறொன்று. முதல் இரண்டும் வயிற்றுக்கும் அறிவுக்கும் இன்றியமையாதவை. மாலையில் வாங்கி மறுநாள் காலையில் எறியப்படும் பூவை ஏன் அவற்றோடு சேர்த்துத் தேடுகிறோம்?

மும்பை மாநகரின் ஆண்டாப் ஹில்லில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் வாழும் எனக்கு இவ்வினா பல நாள் மாலையில் எழுந்ததுண்டு. அலுவலகம் விட்டுத் திரும்பும் பெண்களுள் ஒருத்தியின் கூந்தலில் மல்லிகைச் சரம் மணக்கும். மற்றொருத்தியின் சேலையில் புட்டியில் வாங்கிய சென்ட்டு மணக்கும். இவ்விரு மணங்களும் ஒன்றுக்கொன்று உறவுடையவை. அவ்வுறவின் வரலாற்றையும், அம்மணம் யாருக்கு உரியது, யாருக்கு ஆகாது என்று நம் சமூகம் வகுத்துவைத்த கணக்கையும் இங்கே காண்போம்.

மல்லிகை என்று பொதுவாகச் சொன்னாலும், நம் பெண்கள் சூடும் பூக்கள் ஒரே இனத்தவை அல்ல. குண்டுமல்லி எனப்படுவது, தாவர நூலார் 'ஜாஸ்மினம் சம்பக்' என்று பெயரிட்ட இனம். 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இவ்வினத்தைச் சேர்ந்ததே. பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் வழங்குவது 'ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம்'. முல்லை 'ஜாஸ்மினம் ஆரிக்குலேட்டம்'. மராத்தியர் இவற்றை முறையே மோகரா, ஜாயி, ஜுயி என்று அழைக்கின்றனர். ஞானேசுவரர் பெயரால் வழங்கும் அபங்கம் ஒன்று மோகரா பூத்த மகிழ்ச்சியைப் பாடுவது. மராத்திய வீடுகளில் அதை அறியாதவர் அரியர். ஆதலின், தமிழர் வந்துதான் மும்பைக்கு மல்லிகையை அறிமுகம் செய்தனர் என்று நாம் பெருமை கொள்ள இடமில்லை. வந்த இடத்திலும் பூ நமக்கு முன்பே காத்திருந்தது.

தமிழர் இம்மணத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்குப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை சான்று பகர்கிறது. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்து வெளியிட்டார். அதில் நக்கீரர் காட்டும் காட்சி இது. கூதிர்க்காலம், மழை விடாது தூறுகிறது, வானம் மூடிக் கிடப்பதால் கதிரவன் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. பகல் எது, மாலை எது என்று அறிய வழியில்லை. அந்நிலையில் மகளிர், பித்திகத்தின் அரும்புகளைத் தட்டில் இட்டு வைத்திருக்கின்றனர். பித்திகம் என்பது பிச்சி. அரும்பு அவிழ்ந்து மணம் கமழ்ந்தவுடன், மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றித் தொழுகின்றனர்.

கடிகாரம் இல்லாத வீட்டில் பூவே கடிகாரமாக இருந்தது. இது புலவரின் கற்பனை மட்டும் அன்று, இயற்கையின் உண்மை. மல்லிகை இனத்துப் பூக்கள் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்கும் பொருட்டு அந்தியில் இதழ் விரிப்பவை. அரும்பைச் செடியிலிருந்து பறித்துவிட்டாலும் அதன் உயிர்த்தொழில் உடனே நின்றுவிடுவதில்லை. காலையில் பறித்த மொட்டு, சந்தைக்குச் சென்று, நாரில் ஏறி, கூந்தலை அடைந்த பின்னும், தனக்குரிய பொழுது வந்தவுடன் தானே அவிழ்ந்து மணத்தை வெளியிடுகிறது. ரோஜா முதலிய பூக்கள் பறித்த நேரம் முதல் மணம் குன்றிக்கொண்டே வர, மல்லிகையோ பறித்த பின்னரே தன் மணத்தை முழுமையாகத் தருகிறது.

அம்மணத்தில் என்னென்ன கலந்துள்ளன என்பதை வேதியியலார் ஆராய்ந்து கூறியிருக்கின்றனர். பழம் போன்ற இனிமையைத் தருவது பென்சைல் அசிட்டேட். இலேசான புத்துணர்ச்சியைத் தருவது லினலூல். குண்டுமல்லியில் சிறப்பாக அமைந்த மெத்தில் ஆந்த்ரனிலேட், ஆரஞ்சுப் பூவையும் திராட்சையையும் நினைவூட்டும். மல்லிகைக்கே உரிய ஜாஸ்மோன் என்னும் பொருளை 1899-இல் ஜெர்மானிய வேதியியலார் ஹெஸ்ஸே கண்டறிந்தார். இவற்றோடு இண்டோல் என்ற பொருளும் உண்டு. இதைத் தனியே செறிவாக முகர்ந்தால் மூக்கைச் சுளிக்க நேரும். அழுகும் பொருள்களிலும் கழிவுகளிலும் இருப்பது அது. ஆயினும் பூவில் சிறிதளவு கலந்து நிற்கும்போது, அதுவே மணத்துக்கு ஆழத்தைக் கொடுக்கிறது. இண்டோல் இல்லாத செயற்கை மல்லிகை மணம் சவர்க்காரம் போல் வெளுத்துத் தோன்றும்.

வாசனைத் திரவியம் செய்யும் கலைஞர், ஒரு சென்ட்டின் மணத்தை மூன்று நிலைகளாகப் பகுத்துப் பேசுவர். பூசியவுடன் எழுந்து சில நிமிடங்களில் மறைவது முதல் மணம். அதன்பின் வந்து சில மணி நேரம் நிலைப்பது நடு மணம். கடைசியில் தோலோடு ஒட்டி நிற்பது அடி மணம். நம் வீட்டுப் பெண்கள் இப்பெயர்களை அறியார். ஆயினும் இந்நிலைகளை நன்கு அறிவர். மாலை ஐந்து மணிக்கு வாங்கிய மொட்டுச் சரத்தில் பச்சை இலை போன்ற மெல்லிய வாசமே இருக்கும். விளக்கு வைக்கும் வேளையில் இனிமை எழும். இரவு உணவு முடிந்து படுக்கும்போது அறையே கனத்து மணக்கும். விடிந்தால் இதழ் பழுப்பேறி, தேயிலைச் சண்டு போன்ற ஒரு வாடல் வாசம் மட்டும் தலையணையில் எஞ்சியிருக்கும். ஒரு சரத்தின் வாழ்நாள் ஓர் இரவு.

தலையணையில் மணம் எஞ்சுவதற்கும் காரணம் உண்டு. கொழுப்பும் எண்ணெயும் பூவின் மணத்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையவை. பிரான்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள கிராஸ் என்னும் ஊரார், கண்ணாடித் தட்டுகளில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் மல்லிகைப் பூக்களைப் பரப்பி, வாடியவற்றை நீக்கிப் புதியவற்றை இட்டு, பல நாள் இவ்வாறு செய்து மணத்தைச் சேகரித்தனர். வட இந்தியாவில் ஜவுன்பூர், காஜிப்பூர் முதலிய ஊர்களில் எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, மணமேறிய எள்ளை ஆட்டி, சமேலி எண்ணெய் எடுத்தனர். எண்ணெய் தடவிப் பின்னிய கூந்தலில் மல்லிகைச் சரத்தைச் சூடும் தமிழ்ப்பெண்ணும், தான் அறியாமலேயே அத்தொழிலைத்தான் செய்கிறாள்.

பூவைச் சூடியதோடு முன்னோர் அமையவில்லை. பல பொருள்களைக் கூட்டி மணம் செய்யவும் அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி நீராடி ஒப்பனை செய்துகொள்வதை இளங்கோவடிகள் விரிவாகக் கூறுகிறார். பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் கூந்தலைக் கழுவுகிறாள், நறும்புகையில் உலர்த்துகிறாள், கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறாள். இன்றைய சென்ட்டுத் தொழிலகத்தின் கலவைக் குறிப்புக்கு இது சற்றும் குறைந்ததன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், இறைவனின் திருமஞ்சன நீருக்கு மணமூட்ட ஏலமும் சண்பக மொட்டும் இலாமிச்சை வேரும் வாங்குவதற்கென்று பொருள் முதலீடு செய்து, அதன் வட்டியிலிருந்து செலவிட ஏற்பாடு செய்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. மணம் அக்காலத்தில் அறக்கட்டளைக்கு உரிய பொருளாகவும் இருந்தது.

இனி, பூ புட்டிக்குள் புகுந்த வரலாற்றைப் பார்ப்போம். உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜ் நகரில், செப்புப் பானையில் பூவையும் நீரையும் இட்டு, மெல்லிய நெருப்பில் ஆவியாக்கி, அவ்வாவியைச் சந்தன எண்ணெயில் குளிரச் செய்து அத்தர் வடிப்பது நெடுநாள் மரபு. சந்தன எண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் அதில் ஏறிய பூமணமும் தோலில் நெடுநேரம் தங்கும். ஆயினும் மல்லிகையின் மெல்லிய மணத்தில் ஒரு பகுதி வெப்பத்தால் கெட்டுவிடும். பிற்காலத்தில் ஹெக்சேன் என்னும் கரைப்பானில் பூவை ஊறவைத்து, மெழுகு போன்ற கான்கிரீட் என்ற பொருளைப் பெற்று, அதை ஆல்கஹாலால் கழுவி அப்சொல்யூட் என்ற தூய சாரத்தை எடுக்கும் முறை வந்தது. ஒரு கிலோ சாரம் எடுக்க ஏறத்தாழ எழுநூறு கிலோ பூவோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும். ஒரு கிலோவில் பல ஆயிரம் பூக்கள்; ஒவ்வொன்றும் விடியுமுன் கையால் பறித்தது.

ஐரோப்பாவில் பெண்களுக்கென்று செய்யப்பட்ட புகழ்பெற்ற மலர்மணங்கள் இச்சாரத்தையே நம்பியிருந்தன. 1921-இல் வெளிவந்த 'ஷனேல் எண் 5' கிராஸ் மல்லிகையை உடையது. 1930-இல் ழான் பத்து நிறுவனம் வெளியிட்ட 'ஜாய்' என்ற சென்ட்டில், ஓர் அவுன்சுக்கு 10,600 மல்லிகையும் 28 டஜன் ரோஜாவும் சேர்ந்துள்ளன என்று விளம்பரம் செய்தனர். நாளடைவில் பிரான்சில் நிலத்தின் விலையும் கூலியும் உயர்ந்து அங்குள்ள மல்லிகைத் தோட்டங்கள் சுருங்கின. எகிப்தும் இந்தியாவும் அவ்விடத்தை நிரப்பின. இன்று திண்டுக்கல், கோயம்புத்தூர் வட்டாரங்களில் விளையும் சாதிமல்லியும் குண்டுமல்லியும், அங்குள்ள தொழிற்சாலைகளில் சாரமாகி, கடல் கடந்து சென்று, பிரெஞ்சுப் பெயர் தாங்கிய புட்டியில் மும்பைக் கடைத்தெருவுக்கே திரும்பி வருகின்றன. நிலக்கோட்டைக்காரி பறித்த பூவை, மாட்டுங்காவில் வாழும் அவள் ஊர்க்காரி, அடையாளம் தெரியாமலே மணிக்கட்டில் தெளித்துக்கொள்கிறாள்.

இருந்தாலும், பூவுக்கும் புட்டிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. புட்டியின் மணம் காலை எட்டு மணிக்குத் தெளித்தாலும் மாலையில் தெளித்தாலும் ஒன்றே. பூவோ பொழுதுக்கு ஏற்ப மாறும், வாடும், மறுநாள் புதிது கேட்கும். புட்டி, ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் பயன்படுத்தக்கூடியது. பூவை அவ்வாறு ஒளிக்க இயலாது. அதைச் சூடினால் ஊரே பார்க்கும். சூடாவிட்டாலும் ஊரே பார்க்கும். இவ்விடத்தில்தான் மணத்தின் வரலாறு பெண்ணின் வரலாறாக மாறுகிறது.

மாதவி முப்பத்திரண்டு ஓமாலிகை நீரில் கூந்தலைக் கழுவும் அதே காப்பியத்தில், கணவனைப் பிரிந்த கண்ணகியின் கூந்தல் எண்ணெய் அணிவதையே மறந்திருந்ததாக அடிகள் கூறுகிறார். ஆடவன் எந்த வீட்டில் இருக்கிறானோ அந்த வீட்டில் மணம் இருந்தது. கணவன் இறந்தபின் பெண் பூவை நீக்க வேண்டும் என்ற வழக்கம் பின்னர் இறுகிப்போயிற்று. 'பூவும் பொட்டும்' என்ற தொடரே சுமங்கலியைக் குறிப்பதாயிற்று.

இவ்வழக்கம் பழமையானது, ஆகவே மாற்றத் தகாதது என்று சொல்வோர் உளர். அவர்கள் புறநானூற்றின் 242-ஆம் பாட்டைப் படித்துப் பார்த்தல் நன்று. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் போரில் மாய்ந்தபின், குடவாயிற் கீரத்தனார் அந்நாட்டு முல்லைக்கொடியை நோக்கி, இந்நிலையிலும் பூத்தாயோ என்று வினவுகிறார். அங்கே இளைஞர் பூச்சூடவில்லை, வளையணிந்த மகளிர் கொய்யவில்லை, பாணனும் சூடவில்லை, பாடினியும் அணியவில்லை. துக்கம் நாட்டுக்கே பொதுவாக இருந்தது. ஆணும் பெண்ணும் ஒருங்கே பூவைத் துறந்தனர். கைம்மை நோன்பின் கடுமையைக் கூறும் பாடல்களும் அந்நூலிலேயே உள்ளன என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால், எல்லோரும் சேர்ந்து துறந்த பூவை எல்லோரும் மீண்டும் சூடிக்கொண்டபின், அவளை மட்டும் வாழ்நாள் முழுவதும் துறந்திருக்கச் சொல்வது எந்த நீதி? பழமையை எடுத்துக்காட்டுவோர் முழுப் பழமையையும் எடுத்துக்காட்ட வேண்டும் அன்றோ?

இவ்வினாவை நான் ஏட்டிலிருந்து மட்டும் கேட்கவில்லை. என் தாயார் நிலக்கோட்டைக்கு அருகில் பிறந்தவர். திருமணமாகி மும்பைக்கு வந்த காலத்தில், மதுரையில் காலையில் பறித்த மொட்டு ரயிலில் இங்கு வந்து சேர்வதற்குள் மலர்ந்து வாடிவிடும். ஆகவே அவர் தலைமுறையினர் வசாய் வட்டாரத்திலிருந்து தாதர் சந்தைக்கு வரும் பூக்களையே வாங்கினர். தமிழ்நாட்டு மொட்டு விமானத்தில் வரத் தொடங்கியபின், மாட்டுங்கா ரயில் நிலையத்துக்குக் கிழக்கேயுள்ள பூக்கடைகளுக்குச் சென்று, முகர்ந்து பார்த்தே, எது நம் ஊர்ப் பூ என்று சொல்லிவிடுவார். 2016-இல் என் தந்தையார் காலமானார். அதன்பின்னும் தாயார் வெள்ளிக்கிழமைதோறும் பூ வாங்கினார், மடியில் வைத்துத் தொடுத்தார், சுவாமி படத்துக்குச் சாத்தினார், எனக்கும் வைத்துவிட்டார். தம் கூந்தலில் வைக்கவில்லை. யாரும் அவரைத் தடுக்கவுமில்லை. தடுக்க வேண்டிய தேவையே இல்லாதபடி அவ்வழக்கம் அவருள் குடியிருந்தது.

நான் ஒரு சிறு புட்டி மோதியா அத்தர் வாங்கிக் கொடுத்தேன். மோதியா என்பதும் மல்லிகைதான். பூ ஆகாது என்றால் மணமாவது அவரிடம் இருக்கட்டும் என்று எண்ணினேன். அவர் முந்தானையின் நுனியில் ஒரு துளி தடவி முகர்ந்து பார்த்துவிட்டு, "மணம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கு மாலையும் இல்லை, விடியலும் இல்லை" என்றார். நக்கீரரைப் படித்தவர் அல்லர் அவர்.

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில், இதே மகாராட்டிர மாநிலத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள ஹேர்வாட் என்னும் கிராமத்தின் ஊராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கணவனை இழந்த பெண்ணின் வளையலை உடைத்தல், குங்குமத்தை அழித்தல், தாலியையும் மெட்டியையும் கழற்றுதல் ஆகிய சடங்குகள் இனி அவ்வூரில் கூடா என்பதே அத்தீர்மானம். அம்மாதத்திலேயே மாநில அரசு, பிற ஊராட்சிகளும் இதைப் பின்பற்றலாம் என்று சுற்றறிக்கை விடுத்தது. மராத்திச் செய்தித்தாளில் வந்த அதனை நான் தாயாருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். மொழிபெயர்ப்பே என் தொழில். ஆனால் ஒரு மொழிபெயர்ப்பை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டு நான் கண்டதில்லை.

முடிந்ததும், "பூவைப் பற்றி எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். நான் படித்த செய்தியில் பூ என்ற சொல் இல்லை. உள்ளபடி அதைச் சொன்னேன். சிறிது நேரம் நாரைத் திரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "பூ வைக்கக் கூடாது என்று எழுதிய உத்தரவையும் நான் இதுவரை பார்த்ததில்லை" என்றார். சுவாமி படத்துக்கென்று தொடுத்த சரத்தில் ஒரு சாண் அளவு நறுக்கித் தம் கொண்டையில் செருகிக்கொண்டார். அன்று மாலை விளக்கேற்றியவரும் அவரே.

பெரிய மாற்றம் வந்துவிட்டதாக நான் கூறவில்லை. கோயிலுக்குப் போகும்போது அப்பூவை அவர் இன்றும் எடுத்து வைத்துவிட்டே போகிறார். பூக்கடைக்காரி, "யாருக்கு அம்மா?" என்று கேட்டால், "மகளுக்கு" என்றே விடை சொல்கிறார். நூற்றாண்டுகள் இட்ட முடிச்சு ஒரே மாலையில் அவிழ்ந்துவிடாது. எனினும், முடிச்சு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே அவிழ்ப்பதன் முதற்படி.

நேயர்கள் பலர் தில்லியிலும் கல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் வாழ்கிறீர்கள். உங்கள் வீட்டிலும், பிறருக்குப் பூத் தொடுத்துக் கொடுத்துத் தாம் சூடாதிருக்கும் அன்னையரோ அத்தையரோ இருக்கக்கூடும். ஊர்க்கட்டுப்பாட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்த நாம், நல்லவற்றை உடன் கொண்டுவந்தது போல, வேண்டாதவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். மூட்டையைப் பிரித்துப் பார்க்க வெளியூர் வாழ்க்கை நல்ல வாய்ப்பு. அடுத்தமுறை பூ வாங்கும்போது ஒரு சாண் கூடுதலாக வாங்குங்கள். வாங்கியதை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வற்புறுத்த வேண்டா. மொட்டு தனக்குரிய பொழுதில் அவிழும்.